விளக்கைப் பார்ப்பதும் விளக்கால் பார்ப்பதும்

காரின் முகப்பு விளக்கை மேம்படுத்த விரும்புவோரின் கோரிக்கைகள் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும்: இரவில் சாலை இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும், வண்டியின் முன்புறம் எடுப்பாக இருக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் அலங்காரக் கடைகளிலும் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடைகளிலும், ஒரே பொருளை வாங்கி மாட்டினால் இவ்விரண்டும் ஒருசேர நிறைவேறிவிடும் என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. ஆனால் முதல் கோரிக்கை விளக்கால் பார்ப்பவருடையது. இரண்டாவது விளக்கைப் பார்ப்பவருக்காக எழுவது. இருவரின் தேவையும் சில இடங்களில் ஒத்துப்போகிறது, பல இடங்களில் மோதுகிறது. எதிர்த்திசையில் வண்டி ஓட்டி வருபவரும் விளக்கைப் பார்ப்பவர்களில் ஒருவரே என்பதை மனத்தில் கொண்டால் அந்த மோதல் அழகியல் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஆல்டோ, வேகன்ஆர் போன்ற சிறு கார்களில் பரவலாகக் காணப்படும் எச்4 ஹாலஜன் விளக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எந்த மாற்றம் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்பதை ஈண்டுக் காணலாம்.

எவ்வளவு தொலைவு தெரிய வேண்டும்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. சாலையில் ஏதோ கிடப்பதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்கை அடைய ஒன்றரை நொடி ஆகும் என்று கொண்டால் அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையும் அமைந்தாலும் வண்டி நிற்க ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். எனவே முன்னால் 70 மீட்டருக்கு மேல் தெரிந்தாலொழிய அந்த வேகம் பாதுகாப்பானதாகாது. எதிரே வருபவரின் கண் கூசாதபடி கீழ்நோக்கி அமைக்கப்பட்ட தாழ்கற்றையோ, அதாவது ஓட்டுநர்கள் ‘டிம்’ என்று சொல்லும் லோ பீமோ, தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் விளக்கிலிருந்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் இறங்கினால் 65 மீட்டர் தொலைவில் தரையைத் தொட்டுவிடுகிறது. கறுப்பு உடையில் சாலையோரம் நடப்பவரோ பின்விளக்கு இல்லாமல் நிறுத்தப்பட்ட டிராக்டர் டிரெய்லரோ கண்ணில் படும் தொலைவு அதனினும் குறைவு. இதே கணக்கை 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டால் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் 50 மீட்டருக்குள் அடங்குகிறது. நடுத்திட்டு இல்லாத இருவழிச் சாலையில் தாழ்கற்றையை மட்டுமே நம்பி ஓட்ட நேரும்போது, எந்தக் குமிழை மாற்றினாலும் கிட்டாத பாதுகாப்பை வேகக் குறைப்பு தந்துவிடுகிறது என்பது இதன் முதல் பாடம்.

ஒளியை அளக்கும் மூன்று அலகுகளை வேறுபடுத்தி அறிவது அடுத்த தேவை. ஒளிமூலம் எல்லாத் திசைகளிலும் சேர்த்து வெளியிடும் மொத்த ஒளி லூமெனில் அளக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட திசையில் அது எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதைக் கேண்டெலா சொல்கிறது. இறுதியாக ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ் எனப்படுகிறது. தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகிவிடுவதால், 100 மீட்டருக்கு அப்பால் வெறும் ஒரு லக்ஸ் வெளிச்சம் கிடைக்க அத்திசையில் 10,000 கேண்டெலா பாய வேண்டும். குமிழின் அட்டைப் பெட்டிகளில் அச்சிடப்படுவது லூமென். ஓட்டுநருக்கு உதவுவது கேண்டெலா. ஒரு குடம் நீரை வாசலில் கொட்டினாலும் தென்னை மரத்தடியில் ஊற்றினாலும் நீரின் அளவு ஒன்றுதான் என்றாலும் பயன் ஒன்றாகாது. இன்னும் சொல்லப்போனால், வண்டியின் மூக்கருகே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் மிகுதியான வெளிச்சம் விழுந்தால் கண் அந்தப் பிரகாசத்துக்குப் பழகிவிட்டு, தொலைவில் உள்ள மங்கிய உருவங்களைப் பிரித்தறியும் திறனை இழக்கிறது. புதுக் குமிழ் மாட்டிய அன்று ‘பகல் மாதிரி இருக்கிறது’ என்று தோன்றும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு இந்த அண்மை வெளிச்சத்தால் வருவதே.

எச்4 குமிழின் உள்ளே

ஹாலஜன் குமிழ் என்பது டங்ஸ்டன் இழையை, அயோடின் அல்லது புரோமின் கலந்த வாயுவுடன் சிறிய குவார்ட்ஸ் கண்ணாடிக் கூட்டில் அடைத்த அமைப்பு ஆகும். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியில் கரியாகப் படியாமல் அந்த வாயுவோடு சேர்ந்து மீண்டும் இழைக்கே திரும்புவதால், பழைய குமிழைக் காட்டிலும் கூடுதல் வெப்பத்தில், கூடுதல் வெண்மையோடு அது எரிய முடிகிறது. கூடு மிகவும் சூடேறும் என்பதால் அதன்மீது விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை படிந்த இடத்தில் குவார்ட்ஸ் மங்கி, நாளடைவில் கூடே வெடித்துப்போகலாம்.

எச்4 குமிழ் ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் அதனுள் இரண்டு இழைகள் தெரியும். ஒன்று 60 வாட் உயர்கற்றைக்கும் மற்றது 55 வாட் தாழ்கற்றைக்கும் உரியது. தாழ்கற்றை இழைக்கு அடியில் மட்டும், தொட்டிலைப் போல வளைந்த ஒரு சிறிய உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். இழையிலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை அது தடுத்துவிடுவதால் ரிஃப்ளெக்டர் எனப்படும் குழிந்த எதிரொளிப்பானின் மேற்பாதி மட்டுமே வேலை செய்கிறது. மேற்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. அந்தத் தகட்டின் விளிம்பே சுவரில் தெரியும் வெட்டுக்கோட்டை, அதாவது மேலே இருளும் கீழே ஒளியுமாகப் பிரிக்கும் எல்லையை, வரைகிறது. தகட்டின் ஒரு பக்கம் 15 டிகிரி சாய்த்து வெட்டப்பட்டிருப்பதால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில் வெட்டுக்கோடு இடப்புறம் மேலேறி, சாலையோரத்தில் நடப்பவரையும் மைல்கல்லையும் தொலைவிலிருந்தே காட்டுகிறது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கென்று செய்த விளக்கை அழகுக்காக இறக்குமதி செய்து மாட்டினால், அந்த ஏற்றம் வலப்புறமாகத் திரும்பி, எதிரே வருபவரின் முகத்தில் நேராக அடிக்கும்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், குமிழும் எதிரொளிப்பானும் முன்கண்ணாடியும் சேர்ந்ததே விளக்கு. இழை மில்லிமீட்டர் கணக்கில் எங்கே நிற்கும் என்பதை வைத்தே எதிரொளிப்பானின் வளைவு வடிக்கப்படுகிறது. இழை இடம் மாறினால் ஒளி கூடினாலும் கற்றை குலைந்துவிடும்.

செலவு குறைந்த மூன்று திருத்தங்கள்

முதலாவது முன்கண்ணாடி. பெயர் கண்ணாடி என்றாலும் இன்றைய கார்களில் அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கே. ஆலையில் பூசப்பட்ட பாதுகாப்புப் படலம் வெயிலின் புறஊதாக் கதிர்களால் ஆண்டுகள் செல்லச் செல்ல உதிர, அதன் கீழுள்ள பிளாஸ்டிக் மஞ்சளித்துப் புகைமூட்டமாகிறது. அந்த மூட்டம் ஒளியைக் குறைப்பதோடு நான்கு பக்கமும் சிதறடித்து, வெட்டுக்கோட்டையும் கரைத்துவிடுகிறது. நிழலின்றித் தெருவில் நிற்கும் கார்களில் இக்குறை விரைவில் தோன்றும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் எமரித்தாளில் 800, 1000, 1500, 2000, 3000 என்று படிப்படியாக நுண்மை கூட்டித் தேய்த்து, பாலிஷ் போட்டு, முடிவில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடித்தால் விளக்கு பழைய தெளிவை அடைகிறது. பற்பசை கொண்டு தேய்க்கும் வீட்டு வைத்தியம் சில வாரங்களுக்கே தாங்கும்; காரணம், அது மூட்டத்தை நீக்கினாலும் பாதுகாப்புப் பூச்சைத் திருப்பித் தருவதில்லை. தோற்றமும் வெளிச்சமும் ஒரே வேலையில் மேம்படும் அரிய இடம் இதுவே.

இரண்டாவது நோக்கம், அதாவது கற்றை எங்கே பார்க்கிறது என்பது. சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, வண்டியைச் சுவருக்கு மிக அருகில் நிறுத்தி வெட்டுக்கோட்டின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, பின்பு ஐந்து மீட்டர் பின்னே எடுத்தால், கோடு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் ஏறியிருந்தால் எதிரே வருபவர் துன்புறுவார். பெரிதும் இறங்கியிருந்தால் ஓட்டுநர் முப்பது மீட்டருக்கு மேல் எதையும் காணமாட்டார். விளக்கின் பின்புறமுள்ள திருகுகளால் இதைத் திருத்தலாம். பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறியதும் வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிடும் என்பதற்காகவே ஸ்டீயரிங் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகி வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான உரிமையாளர்கள் அதை ஒருமுறையும் தொட்டதில்லை.

மூன்றாவது மின்னழுத்தம். ஹாலஜன் குமிழின் ஒளி மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 மடியாக மாறுகிறது. எளிதாகச் சொன்னால், அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால் ஒளி முப்பது விழுக்காடு குறைகிறது. என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் குமிழின் ஹோல்டரில் 12.4 வோல்ட் காட்டினால் அந்த முப்பது விழுக்காட்டு ஒளியை வயரிலும் சுவிட்சிலும் கழிந்துபோன அழுத்தம் பறித்துக்கொண்டது என்று பொருள். பழைய கார்களில் விளக்குக்கான மின்னோட்டம் முழுவதும் ஸ்டீயரிங் அருகிலுள்ள சுவிட்சு வழியே சுற்றி வருவதே இதற்குக் காரணம். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்தக் கதவு. அதன் 30 என்ற முனைக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியே தடித்த வயர் வருகிறது. 87 குமிழுக்குச் செல்கிறது. 85, 86 ஆகிய இரண்டும் உள்ளிருக்கும் காந்தச் சுருளுக்கு உரியவை. பழைய சுவிட்சு இனி அச்சுருளை மட்டும் இயக்கினால் போதும் என்பதால் சுவிட்சும் கருகாது, குமிழும் தனக்குரிய அழுத்தத்தில் எரியும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடையில் அரைநாளில் முடியும் இவ்வேலை, அதே குமிழிலிருந்து ஒரு புதுக் குமிழின் வெளிச்சத்தைப் பெற்றுத் தருகிறது.

குமிழை மாற்றும் வழிகள்

இவற்றைச் செய்தபின்னும் போதவில்லை என்போர் குமிழை நாடுகின்றனர். நெடுங்காலமாக விற்கப்பட்டுவரும் 100/90 வாட் குமிழ்கள் இழையின் இடத்தை மாற்றாமல் ஒளியைக் கூட்டுகின்றன. ஆயினும் இரு குமிழ்களும் சேர்ந்து இழுக்கும் மின்னோட்டம் 10 ஆம்பியரிலிருந்து 17 ஆம்பியரை நெருங்குவதால், ரிலே இல்லாமல் மாட்டினால் வயர் சூடேறி ஹோல்டர் உருகும். ரிலே இருந்தாலும் பிளாஸ்டிக்கால் ஆன எதிரொளிப்பான் வெப்பத்தால் மங்கும். ‘130 விழுக்காடு கூடுதல்’ என்று விளம்பரப்படுத்தப்படும் உயர்தரக் குமிழ்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. சர்வதேச விதிப்படி எச்4 தாழ்கற்றையின் மொத்த ஒளி 13.2 வோல்ட்டில் 1000 லூமென், அதில் 15 விழுக்காடு ஏற்றத்தாழ்வுக்கே இடமுண்டு என்பதால், அந்த 130 மொத்த ஒளியைக் குறிக்க முடியாது. கற்றையின் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் கிடைக்கும் வெளிச்சத்தைச் சட்டம் கோரும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வதே அது. இழையை நுண்மையாகவும் அடர்த்தியாகவும் சுற்றி இதைச் சாதிப்பதால் பயன் உண்மையானது. ஆனால் ஆயுள் குறையும்.

எச்.ஐ.டி. எனப்படும் செனான் விளக்கில் இழை கிடையாது. இரு மின்முனைகளுக்கு இடையே தோன்றும் மின்வில்லே ஒளிமூலம். அதைத் தூண்ட இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தேவைப்படுவதால் பாலஸ்ட் என்னும் தனிப் பெட்டி இணைக்கப்படுகிறது. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் அறிமுகமான இத்தொழில்நுட்பம், 35 வாட்டில் ஹாலஜனைப்போல இரு மடங்குக்கு மேல் ஒளி தருகிறது. 2000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலமுள்ள தாழ்கற்றை விளக்குகளுக்குத் தானாகச் சமன்செய்யும் அமைப்பும் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கட்டாயப்படுத்தியது, இந்த ஒளி சற்றே பிசகினாலும் எதிரே வருபவரைக் குருடாக்கிவிடும் என்பதாலேயே. எச்4 எதிரொளிப்பானுக்குள் எச்.ஐ.டி. குமிழைத் திணித்தால் இந்தக் காவல்கள் எவையும் இன்றிப் பேரொளி மட்டும் கிடைக்கிறது.

எல்.இ.டி. குமிழ்களே இன்றைய சந்தையின் நாயகர்கள். நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது; அந்த நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசியதன் விளைவே வெள்ளை எல்.இ.டி. மின்சிக்கனம், நீண்ட ஆயுள், பகலையொத்த வெண்மை ஆகிய மூன்றும் அதன் உண்மையான நற்குணங்கள். சிக்கல் வடிவத்தில் இருக்கிறது. டங்ஸ்டன் இழை உருளை வடிவினது, சுற்றிலும் ஒளி வீசுவது, எல்.இ.டி. சில்லோ தட்டையானது, தான் பார்க்கும் பக்கம் மட்டுமே ஒளி வீசுவது. ஒரு தகட்டின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டி இழையைப் போலப் பாவனை செய்யும்போது தகட்டின் தடிமனும் சில்லின் இடமும் இழைக்கு நிகராக அமைந்தால் கற்றை ஓரளவு பிழைக்கும். அமையாவிட்டால் ஒளி மேலும் பக்கமும் சிதறும். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்.இ.டி. மாற்றுக் குமிழ்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டபோது, அது எந்தெந்தக் கார் மாதிரிகளின் விளக்குகளில் சோதிக்கப்பட்டதோ அவற்றுக்கு மட்டுமே செல்லும் என்று வரையறுக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. மேலும், எல்.இ.டி.யின் வெப்பம் முன்பக்கம் வராமல் பின்புறமுள்ள உலோகத் தகடுகளிலும் சிறு விசிறியிலும் கழிவதால், விளக்கின் பின்னிருக்கும் ரப்பர் மூடி பொருந்தாமல் போவதுண்டு. மூடியை வெட்டிவிட்டு மாட்டினால் அடைமழையில் ஈரம் உள்ளே புகும்.

குமிழுக்குப் பதில் விளக்கின் ஒளியியலையே மாற்றுவது புரொஜெக்டர் வழி. நீள்வட்ட எதிரொளிப்பானுக்கு இரண்டு குவியங்கள் உண்டு. ஒன்றில் ஒளிமூலத்தை வைத்தால் ஒளி அனைத்தும் இரண்டாவதில் வந்து சேரும். அங்கே ஒரு தகட்டை நிறுத்தி, அதன் விளிம்பின் தலைகீழ் பிம்பத்தை வில்லை ஒன்றால் சாலையில் வீழ்த்தினால் கத்தியால் கீறியதுபோன்ற வெட்டுக்கோடு கிடைக்கும். உயர்கற்றைக்கு ஒரு சிறு மின்காந்தம் தகட்டைச் சாய்த்துவிடும். விளக்குக் கூட்டைச் சூடாக்கித் திறந்து, புரொஜெக்டரை நேராக நிறுத்தி, மீண்டும் நீர்புகாமல் ஒட்டுவதற்குத் தேர்ந்த கை வேண்டும். அம்பாசடர், ஜீப் போன்றவற்றின் ஏழு அங்குல வட்ட விளக்குக்கு இந்தச் சிரமம் இல்லை. அந்த அளவு உலகெங்கும் பொதுவானது என்பதால் முழு விளக்கையே கழற்றி, தரச்சான்று பெற்ற வேறொன்றை மாட்டிவிடலாம்.

நிறமும் ஒப்பனையும்

விளக்கைப் பார்ப்பவரின் ஆசைகளில் முதலிடம் நிறத்துக்கு. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் ஹாலஜனுக்கு ஏறத்தாழ 3200, செனானுக்கு 4300, எல்.இ.டி. குமிழ்களில் பெரும்பாலானவற்றுக்கு 6000 அளவில் இருக்கும். எண் கூடக்கூட ஒளி நீலம் பாய்கிறதேயன்றிப் பிரகாசம் கூடுவதில்லை. நீலப் பூச்சிட்ட ஹாலஜன் குமிழ், மஞ்சளையும் சிவப்பையும் வடிகட்டி எறிந்துவிட்டுத்தான் வெண்மையாகத் தோன்றுகிறது. பார்ப்பவருக்கு நாகரிகம், ஓட்டுபவருக்கு நட்டம். நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல் ஒளியை முன்னோக்கியே தள்ளிவிடுவதால், எந்த நிற விளக்கானாலும் மழையிரவில் சாலை கறுத்தே தெரியும். தள்ளப்பட்ட அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைத்தான் சேர்கிறது.

கண்ணாடிமேல் ஒட்டும் கறுப்புப் படலம் ஒளியை நேரடியாக விழுங்குகிறது. விளக்கின் உள்ளே, எதிரொளிப்பானைச் சுற்றியுள்ள அலங்காரச் சட்டத்தை மட்டும் கறுப்பாக்குவது கற்றையைத் தொடாத ஒப்பனை. எனினும் பெயின்ட் நன்கு உலராமல் மூடினால் அதன் ஆவி நாளடைவில் கண்ணாடியின் உட்புறம் பனிபோல் படியும். கூட்டைத் திறப்பவர் எதிரொளிப்பானைத் துணியால் துடைத்துவிடக் கூடாது; அதன் மினுமினுப்பு ஆவியாக்கிப் படியவைத்த மெல்லிய அலுமினியப் படலமே, ஒரே துடைப்பில் அது கையோடு வந்துவிடும்.

எதிரே நிற்பவரின் இடம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். போக்குவரத்துக் காவலர்கள் விளக்கின் நடுவே கறுப்பு வில்லை ஒட்டுவது தமிழ்நாட்டில் பழகிய காட்சி. அது ஒளியைச் சற்றுக் குறைக்குமே தவிர, குலைந்த கற்றையைச் சீராக்காது.

கூச்சத்தை அளக்கும் எளிய வழி மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் அவ்விதிகளில் 106-ஆவது, விளக்குக்கு முன்னே 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி ஒளி தாழ்த்தப்பட வேண்டும் என்கிறது. அந்த உயரம் ஏறத்தாழ நிற்கும் மனிதரின் கண்ணுயரம். புதிய விளக்கை மாட்டி முடித்த உரிமையாளர், கடைக்காரருக்குப் பணம் கொடுக்குமுன் தாழ்கற்றையை எரியவிட்டு, எட்டு அடிகள் நீட்டி வைத்து நடந்து, வலப்புறம் ஓரடி ஒதுங்கி, திரும்பி நின்று பார்ப்பாராயின், விளக்கைப் பார்ப்பவரும் விளக்கால் பார்ப்பவரும் அவ்வொரு கணத்தில் ஒரே ஆளாகிவிடுவர். அவர் கண்ணை மறைக்கக் கை உயர்ந்தால், குமிழைக் கழற்றச் சொல்ல வேண்டிய நேரம் அதுவே.